ரயில் கடவையில் சொன்ன பல்லி

என் மாமியின் கல்யாணத்தை முடித்துவைத்தது ஒரு பல்லி. பெரியப்பா சாகும்வரை அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார். எந்த வீட்டில் நாலு பேர் கூடினாலும் இந்தக் கதை வரும். அதில் பல்லியின் பெருமையும், அதன் சொல்லைத் தக்க நேரத்தில் விளங்கிக்கொண்ட அவருடைய பெருமையும் சரிபாதியாகக் கலந்திருக்கும்.

மாமி அப்பாவின் தங்கை. தாய் தகப்பன் இல்லாததால் எங்களோடு இருந்தார். கிளிநொச்சியில் ஒரு புடவைக் கடையில் வேலை. பக்கத்துக் கராச்சில் வாகனங்களுக்கு வயரிங் செய்யும் ஒருவரை விரும்பிவிட்டார். அவர் தர்மபுரத்துக்காரர். மலையகத்திலிருந்து வந்து காடு வெட்டிக் குடியேறிய குடும்பம். நாங்களும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குளத்துக் காணியில் குடியேறியவர்கள்தான். ஆனால் பெரியப்பாவின் கணக்கில் அவர்கள் மட்டும் வந்தான் வரத்தான்.

"அவன் எங்கட ஆளில்லை" என்றார் பெரியப்பா. அதோடு கதை முடிந்தது. அப்பா தமையனுக்கு முன்னால் வாய் திறக்காதவர். அம்மா இதைச் சொல்லிச் சொல்லியே அவரைக் குத்துவார். அப்பா அதற்கும் வாய் திறக்கமாட்டார்.

அப்பா வான் வைத்து வாடகைக்கு ஹயர் ஓடினார். காட்டு வழியில் யானை நிற்கும் என்று முன்னுக்கு இரண்டு பெரிய லைட் போட்டிருந்தார். அவற்றைப் பொருத்திப் பூட்டியவர் பெற்றரியிலிருந்து வயரை நேரே சுவிச்சுக்குக் கொண்டுவந்துவிட்டார் போலும், சுவிச் சூடேறி உருகி, வான் முழுக்கக் கருகல் மணம். பெரியப்பா வயலுக்குப் போயிருந்த ஒரு காலையில் அப்பா அதைத் திருத்த ஆள் கூட்டிவந்தார். வந்தவர் அந்தத் தர்மபுரத்துக்காரரேதான். வேறு ஆள் அகப்படவில்லையாம். மாமி தேத்தண்ணியைக் கொண்டுவந்து என் கையில் தந்துவிட்டுக் குசினிக்குள் ஓடிவிட்டார்.

நான் அவருக்குப் பக்கத்திலேயே குந்தியிருந்தேன். அவர் ஒரு சின்னக் கறுப்புப் பெட்டியை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். தீப்பெட்டி அளவுகூட இல்லை. அதன் கால்களில் இரண்டு மெல்லிய வயர்களைத் தொட்டார். 'டிக்' என்றது. என் கைக்குள் ஏதோ உயிருள்ளது துள்ளியது. அதே நேரம் வானுக்கு முன்னால் இரண்டு லைட்டும் பகல் வெளிச்சத்தையே தோற்கடிப்பதுபோல் எரிந்தன.

"இதுக்குப் பேரு ரிலே, பாப்பா. இந்தச் சின்ன வயர்ல வேலை போறதில்ல, உத்தரவு மட்டுந்தான் போகுது. வேலையெல்லாம் அந்தத் தடிச்ச வயர் பாத்துக்கும். சாவி போட்டாத்தான் இதுக்கு உயிரே வரும். நீங்க சும்மா சுவிச்சத் தட்டி வெளையாடினாலும் பெற்றரி எறங்காது."

நூல் மாதிரி ஒரு வயர் சொல்ல, அவ்வளவு பெரிய வெளிச்சம் கேட்டு நடக்கிறது! அன்று முழுவதும் நான் அந்த மனிதரைச் சாமியைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டு திரிந்தேன். அவர் பெட்டியை டாஷ்போர்டுக்கு அடியில் பூட்டிவிட்டுப் போனார்.

கொஞ்ச நாளில் பெரியப்பா பூவரசங்குளத்தில் ஒரு மாப்பிள்ளை பார்த்துவிட்டார். வாக்குக் கொடுக்க எல்லோரும் வானில் புறப்பட்டோம். அப்பா ஓட்டினார், பெரியப்பா பக்கத்தில். பின்னால் அம்மாவுக்கும் எனக்கும் நடுவில் மாமி. அவருடைய கண்ணீர் என் கையில் விழுந்துகொண்டிருந்தது. அன்று வாக்குக் கொடுத்தால் கொடுத்ததுதான், பிறகு திரும்ப வாங்க முடியாது என்பது எனக்கே தெரிந்திருந்தது.

வழியில் ஒரு ரயில் கடவை மூடியிருந்தது. அப்பா எஞ்சினை நிறுத்தினார். சாவியை முழுதாகத் திருப்பவில்லைப்போல, முன்னால் சின்னச் சிவப்பு லைட் எரிந்துகொண்டே இருந்தது. வானுக்குள் மாமியின் விசும்பல் மட்டும் கேட்டது. பெரியப்பாவுக்கு அது பொறுக்கவில்லை.

"நான் கேக்கிறன், அந்தத் தர்மபுரத்தானைக் கட்டினால் இவள் நல்லா இருப்பாளோ?"

டிக்.

பெரியப்பா சீட்டை விட்டு நிமிர்ந்தார். பல்லி சொல்லுக்கு அவர் உயிரையும் கொடுப்பார். புகையிலை நடுவதானாலும் கோவிலுக்குப் போவதானாலும் பல்லி சொன்னால்தான் எழும்புவார்.

"கேட்டனீங்களே? பல்லி சொல்லுது" என்றார் அம்மா மெதுவாக.

பெரியப்பா கூரையைப் பார்த்தார், காலடியைப் பார்த்தார், எந்தத் திசையிலிருந்து வந்தது என்று கழுத்தை வளைத்துத் தேடினார். பிறகு, "உண்மையெண்டால் இன்னொருக்காச் சொல்லட்டும்" என்றார்.

டிக்.

பெரியப்பா டாஷ்போர்டில் விரலால் மூன்று தரம் தட்டி, "சிவசிவா" என்றார். கடவைக்கு அப்பால் காத்துநின்ற மோட்டார்சைக்கிள்காரர் ஒருவர் எங்களைப் பார்த்துக் கையை விரித்து மூடி, விரித்து மூடிக் காட்டினார். அப்பா அவருக்கு மரியாதையாகத் தலையாட்டினார். ரயில் போய் முடிந்ததும் பெரியப்பா, "வானைத் திருப்படா" என்றார். மாமி என் விரல்களை நெரித்த நெரிப்பில் எனக்கு நோவில் கண்ணீர் வந்துவிட்டது.

அது பல்லி இல்லை என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. அந்த 'டிக்'கோடு வந்த துள்ளலை என் கை அறியும். கறுப்புப் பெட்டி தன்னைப் பூட்டியவருக்காகத் தானே சாட்சி சொல்கிறது என்று நம்பினேன். அப்படியொரு அதிசயத்தை வெளியில் சொன்னால் பலிக்காமல் போய்விடும் என்று பயந்து, வாயைப் பொத்திக்கொண்டேன். அந்த ஆவணியிலேயே அவர் எனக்கு மாமாவானார்.

போன மாதம் மாமா என் ஸ்கூட்டிக்கு ஹோர்ன் பூட்டித் தந்தார். அப்போதுதான் அன்று சொன்னது பல்லி இல்லை, அந்த ரிலேதான் என்று அவரிடம் முதன்முதலாகச் சொன்னேன். அவர் கையிலிருந்த வயரைக் கீழே வைத்தார்.

"ரிலே தானாச் சத்தம் போடாதும்மா. யாராச்சும் சுவிச்சப் போடணும்" என்றார்.

அந்தச் சுவிச் ஸ்டியரிங்குக்கு வலப்பக்கம், கதவோரமாக இருந்தது. இடப்பக்கம் இருந்த பெரியப்பாவுக்கு அது தெரியவே தெரியாது. மோட்டார்சைக்கிள்காரர் கையை விரித்து மூடிக் காட்டியதும் எங்கள் லைட் எரிந்து அணைந்ததைத்தான். வீட்டுக்கு வந்து அப்பாவிடம் கேட்டேன். அவர் பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல், "பல்லிதான் பிள்ளை" என்றார்.

அன்று கடவையில் நான் டாஷ்போர்டின் அடியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பாவின் வலது கையைப் பார்க்க எனக்குத் தோன்றவேயில்லை.