வேம்புலி அடுக்கின ஒம்போது துண்டு

வேம்புலி அண்ணாத்தையப் பத்தி எவனாவது "வேலையில அக்கறை இல்லாத ஆளு"ன்னு சொன்னா எனக்குப் பத்திக்கினு வரும். மண்ணூர்பேட்டையில இன்னிக்கும் நாலு பேரு அப்படித்தான் பேசிக்கினு கீறாங்க. பேமானிங்க! அவங்களுக்கு இன்னா தெரியும்? தெரிஞ்சவ நான் ஒருத்திதான், கன்னியம்மா. அன்னிக்கு நான் வாயத் தொறக்கல. அந்தக் கோவம்தான் இப்போ ஊரு மேல பாயுது.

அண்ணாத்தே பொறந்து வளந்தது எல்லாம் மண்ணூர்பேட்டைதான். அப்பன் காலத்துலேர்ந்து அடுத்தவன் நெலத்துல கூலி. கோடையில ஏரி வத்திப்போச்சுன்னா எறங்கி வண்டல் வெட்டுவாரு. கூடை கூடையா வயலுக்குத் தூக்குவாரு. அம்பத்தூர் எஸ்டேட்டு வந்திச்சு, நெலம் பூரா கம்பெனிக்குப் போச்சு. நெலத்துக்காரனுக்கு நஷ்ட ஈடு கெடச்சிது. கூலிக்காரனுக்கு இன்னா கெடச்சிது? ஒண்ணும் இல்ல. ரெண்டு வருஷம் கல்லு ஒடைச்சாரு, மூட்டை தூக்கினாரு. அப்புறம் அறுபத்தாறுல எஸ்டேட்டு ஓரமா இருந்த ஒரு கொட்டகையில தினக்கூலிக்கு சேந்தாரு. நானும் அதே மாசம்தான் சேந்தேன். அவரு எனக்கு ஒரு வாரம் முந்தி.

கொட்டகையில இன்னா வேலைன்னு கேட்டா சிரிப்பீங்க. மண்ணைக் காவல் காக்கற வேலை! கப்பல்ல போயி நடுக்கடல்ல நீட்டுக் குழாய எறக்கி, அடித்தரையில குத்தி, குழாய்க்குள்ள மாட்டின மண்ணோட அப்படியே மேல தூக்கினு வந்தாங்களாம். சர்க்கார் ஆராய்ச்சிக்கு. சிட்டி ஆபீஸ்ல எடம் பத்தலன்னு எங்க கொட்டகையில வெச்சிருந்தாங்க. அதுல ஒரு குழாய்தான் எல்லாத்துலயும் ஒசத்தி. ஒம்போது மீட்டர் மண்ணு. தூக்க முடியாதுன்னு ஒம்போது துண்டா அறுத்து, ரெண்டு பக்கமும் கறுப்பு ரப்பர் மூடி போட்டிருந்தாங்க.

அதுக்குப் பொறுப்பு தாட்சாயிணியம்மா. சின்ன வயசுதான். டாக்டர் பட்டத்துக்குப் படிச்சிக்கினு இருந்தாங்க. எங்களையும் மனுசங்களா நெனச்சிப் பேசுவாங்க. நான் வேற குழாய் மண்ணை சல்லடையில போட்டுத் தண்ணி ஊத்தி அலசுவேன். சேறு போயிட்டு அடியில ரவை மாதிரி வெள்ளையா நிக்கும். "அது ரவை இல்ல கன்னி, ஒவ்வொண்ணும் ஒரு உயிரோட ஓடு"ன்னு பூதக்கண்ணாடியில காட்டினாங்க. எந்த ஓடு நெறைய கீதுன்னு பாத்தா அந்தக் காலத்துல கடல் குளுந்து இருந்துச்சா, சூடா இருந்துச்சான்னு தெரியுமாம். கெழக்கே எங்கியோ எரிமலை வெடிச்ச சாம்பல் கூட நடுவுல ஒரு கோடாட்டம் படிஞ்சிருக்குமாம். சில எடத்துல ஒரு விரக்கடை மண்ணு சேர ஆயிரம் வருஷம் ஆவுமாம். அண்ணாத்தே இத்தக் கேட்டுட்டு அன்னிக்குப் பூரா அந்தக் குழாய்ங்களையே சுத்திச் சுத்தி வந்தாரு. சாயந்திரம் பட்டாபிராம் ரயிலு போற சத்தம் கேக்கறப்போ மெதுவா சொன்னாரு: "நாம வெட்டுன வண்டலு எத்தினி வருஷத்துது கன்னி? எவனும் கேக்கல பாரு."

அறுபத்தெட்டுல ஒரு சேதி வந்திச்சு. கொட்டகைக்கு ஒரே ஒரு பர்மனென்ட் வேலை போடப் போறாங்க. தீபாவளிக்கு அப்புறம் ஆர்டர். முன்னாடி சேந்தவரு அவருதான், அதனால அவருக்குத்தான். முத்தம்மா, அவரு சம்சாரம், அப்பவே தெருவெல்லாம் சொல்லிக்கினா. ரெண்டு பொட்டைப் புள்ளைங்க. கெவுருமெண்டு வேலைன்னா அந்த ஊட்டுக்கே உசுரு வந்த மாதிரி.

அந்த வருஷம் ஆயுத பூஜை. தாட்சாயிணியம்மா பூஜை பண்ணிக்கோங்கன்னு சொல்லிட்டு ஊருக்குப் போயிட்டாங்க. எங்க அண்ணன் தேவராஜ் எஸ்டேட்டுல லேத்துப் பட்டறையில இருந்தான். அங்க பூஜைக்கு மொத நாளு மிசினு, ஸ்பானரு, ஆணி வரைக்கும் மண்ணெண்ணெய்த் துணியால தொடச்சி, தண்ணி விட்டுக் கழுவி, சந்தனம் குங்குமம் வெச்சி பளபளன்னு நிறுத்துவாங்க. நான் அத்தப் பாத்துட்டு வந்தவ. நம்ம கொட்டகை மட்டும் இன்னாத்துக்குக் கலீஜா கெடக்கணும்? சல்லடையக் கழுவினேன், தராசக் கழுவினேன். அந்த ஒம்போது குழாயும் சேறும் கிறுக்கலுமா கெடந்துச்சு. மண்ணெண்ணெயில நனைச்ச துணிய எடுத்தேன்.

அண்ணாத்தே கையப் புடிச்சாரு. "வேணாம்மே. அதுல இன்னாவோ எழுதிக்கீது."

அவருக்குப் படிக்கத் தெரியாது. நான் அஞ்சாவது வரைக்கும் போனவ. அந்தத் திமிரு! "நம்பரு அண்ணாத்தே. எல்லாம் நோட்டுல கீது. சாமி கும்புடற பொருளு அழுக்கா இருக்கலாமா?"ன்னேன். அவரு ஒதுங்கிக்கினாரு. நான் தொடச்சேன். மெழுகுப் பென்சிலு மண்ணெண்ணெய்க்கு நிக்குமா? சுத்தமா போச்சு. ஒம்போதுக்கும் சந்தனப் பொட்டு வெச்சி, பொரி கடலை படைச்சி, பூசணிக்காய் ஒடைச்சோம்.

லீவு முடிஞ்சி மறுநா காலையில நோட்டைத் தொறந்தப்போதான் பண்ண தப்பு தெரிஞ்சிது. ஒண்ணாம் துண்டு, ரெண்டாம் துண்டுன்னு எழுதிக்கீது. ஆனா எந்தக் குழாய் ஒண்ணு, எது ரெண்டு? எந்த முனை மேலப்பக்கம், எந்த முனை கீழப்பக்கம்? அந்த நம்பரும் அம்புக்குறியும் குழாய் மேலதான் இருந்திச்சு. ஒம்போதும் ஒரே நீளம், ஒரே மூடி. அய்யோ, பாவி பண்ண வேலையே! ஒக்காந்து அழுதேன்.

அண்ணாத்தே ஒரு வார்த்தை திட்டல. ஒவ்வொரு மூடியா கழட்டி மண்ணை மோந்து பாத்தாரு, விரலால லேசா அமுக்கினாரு. "மேல இருந்தது கொழகொழன்னு இருக்கும், கீழ போவப்போவ அழுந்திக் கெட்டியாவும். வெள்ளம் வந்து படிஞ்சா மொதல்ல மணலு எறங்கும், அதுக்கு மேல நைஸு. ஏரியில பாத்தது இல்லியா?" மத்தியானத்துக்குள்ள ஒம்போதையும் தரையில வரிசையா அடுக்கிட்டாரு. இந்தத் துண்டோட அடியும் அடுத்த துண்டோட தலையும் நெறத்துல ஒத்துப் போச்சு. எனக்கு மூச்சு வந்திச்சு.

"அவ்ளோதான் அண்ணாத்தே! பென்சிலு எடுத்தாறேன், நம்பர் போட்டுடறேன். யாருக்குத் தெரியப் போவுது?"

"நான் பாத்த வரைக்கும் இதான் சரி"ன்னாரு. "ஆனா கடலுக்கு அடியில நான் இருந்தேனா? அந்தம்மா வரட்டும், சொல்லிடலாம்."

தாட்சாயிணியம்மா வந்தாங்க. நம்பரு அழிஞ்சதை அண்ணாத்தே சொன்னாரு. கேட்டாங்க. அப்படியே தரையில ஒக்காந்துட்டாங்க. அவரு அடுக்கினதை ரொம்ப நேரம் பாத்தாங்க. அப்புறம் சொன்னது இன்னிக்கும் காதுல கீது: "எனக்கும் இதான் சரின்னு தோணுது வேம்புலி. ஆனா கடலுக்குள்ள மேடு சரிஞ்சு பழைய மண்ணு புது மண்ணு மேல வந்து ஒக்காந்துடும். இந்த எடத்துல அப்படி ஆச்சான்னு கண்டுபிடிக்கத்தான் நாலு வருஷமா இத்தக் காத்துக்கிட்டு இருக்கேன். நாமளே இதுதான் மேலன்னு முடிவு கட்டி அடுக்கிட்டு, அதையே பதில்னு எழுதினா பொய்யாயிடும். இத இனிமே யாரும் நம்ப மாட்டாங்க. நானே நம்பக்கூடாது."

அந்தக் கப்பலு திரும்ப அங்க போவாது. அதுவும் அவங்கதான் சொன்னாங்க.

"யாரு தொடச்சது?"ன்னு கேட்டாங்க.

ஊட்டுல படுத்த படுக்கையா அப்பா. வேலை போனா கதி இன்னான்னு அந்த ஒரு நிமிஷத்துல நெனச்சேன்.

"நான்தாம்மா"ன்னாரு வேம்புலி.

நான் பக்கத்துலயே நின்னுக்கினு இருந்தேன். கம்முனு நின்னேன். தாட்சாயிணியம்மா அவருக்காக மேல எழுதிக் கூடப் போட்டாங்க. ஆபீஸ் கேக்கல. நாலே நாளுல, வர வேணாம்னு காயிதம் வந்துடுச்சு. தீபாவளி போயி ஆர்டர் வந்திச்சு. என் பேருல. பர்மனென்ட் ஆயி எனக்குக் குடுத்த மொத வேலை இன்னா தெரியுமா? அந்த ஒம்போது துண்டையும் கொட்டகைக்குப் பின்னாடி பள்ளத்துல கொட்டச் சொன்னாங்க. கொட்டினேன். மழையில ரெண்டே நாளுல கரைஞ்சி சாக்கடையோட போயிடுச்சு.

அவரு பொண்டாட்டி புள்ளைங்களக் கூட்டிக்கினு சென்னீர்குப்பம் பக்கம் செங்கல் சூளைக்குப் போயிட்டாரு. போயிப் பாக்க எனக்கு ஏழு வருஷம் ஆச்சு. உண்மையச் சொல்லிடணும்னுதான் போனேன், சத்தியமா. முத்தம்மா என்னப் பாத்ததும் ஆரமிச்சிட்டா: "வாடியம்மா கெவுருமெண்டு! இந்த மனுசன் கையில வந்த வேலையக் கழுவித் தண்ணியில உட்டுட்டாரு. சொன்னா, மண்ணை நான் சரியாத்தான் அடுக்கினேன்னு ஒரே பாட்டு. ஊரு சிரிக்குது!"

ஏழு வருஷமா அவ அவரத் திட்டின திட்டு அத்தனையும் என்னுதுன்னு சொல்ற தெம்பு எனக்கு இல்ல. கோழை நான், வேற இன்னா சொல்ல?

அண்ணாத்தே தலையில செங்கலோட வந்தவரு எறக்கி வெச்சாரு. எளைச்சிப் போயிருந்தாரு. நல்லா கீறியா, அப்பா எப்படி கீறாருன்னு எதுவும் கேக்கல. கிட்ட வந்து கேட்டது ஒண்ணே ஒண்ணுதான்.

"கன்னி, அந்தம்மா அப்புறம் அறுத்துப் பாத்தாங்களா? நான் அடுக்கினது சரிதானா?"

"சரிதான் அண்ணாத்தே"ன்னேன். "ஒம்போதும் சரின்னு சொன்னாங்க."

அவரு முத்தம்மாளைத் திரும்பிப் பாத்தாரு. "கேட்டுக்கினியா?"ன்னாரு.