வலப்பக்க இருக்கை

தகரக் கதவைத் தூக்கிவிட்டதும் வேலப்பன் எஞ்சின் பக்கம் போவதில்லை. முதலில் தார்ப்பாயை உருவி, நான்காக மடித்து ஓரத்தில் வைக்கிறார். பிறகு வண்டியின் வலப்பக்கக் கண்ணாடியில் இரண்டு விரலால் தட்டுகிறார். உள்ளறையில் ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தால் எவ்வளவு மெல்லத் தட்டுவோமோ அவ்வளவுதான் தட்டுகிறார். சிறிது நேரம் காத்திருக்கிறார். அதன் பிறகே எஞ்சின் மூடியைத் திறக்கிறார்.

"எலி படுத்திருக்கும், கிராணி ஐயா. சொல்லாம கொள்ளாம ஸ்டார்ட் பண்ணினா பெல்ட்டுல மாட்டிக்கும்" என்றார், ஒருமுறை கேட்டபோது. துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்தவன் என்பதால் என்னை இன்னும் கிராணி என்றுதான் கூப்பிடுகிறார்கள். எலி எஞ்சினில் படுக்கும். ஏற்றிவிட்ட கண்ணாடிக்கு உள்ளே எப்படிப் படுக்கும் என்று நான் திரும்பக் கேட்கவில்லை.

யாங்கோனின் பசுந்தாங் பேட்டையில், ஓடைக்கு இறங்கும் சந்தில், என் வீட்டுக்கு நேர் எதிரே இருக்கிறது அந்தக் கொட்டகை. உள்ளே நிற்பது மஸ்டாங் என்ற பழைய அமெரிக்க வண்டி. நீண்ட மூக்கு, இரண்டே கதவு, எட்டு சிலிண்டர். இங்கே தின்னும் ஊறவைத்த தேயிலையின் பச்சை நிறம். ஊரைவிட்டுப் போன வெளிநாட்டு அதிகாரி ஒருவரிடமிருந்து பருப்பு மொத்த வியாபாரி தனசேகரன் அதை வாங்கினார். அவர் இப்போது இல்லை. அவர் மனைவி சத்யபாமா கொட்டகையை ஒட்டிய வீட்டில் தனியாக இருக்கிறார். ஞாயிறுதோறும் வந்து அந்த வண்டியைச் சாகவிடாமல் பார்த்துக்கொள்வது வேலப்பனின் வேலை.

வேலப்பனின் அப்பா ரயில்வே பட்டறைத் தமிழர். அம்மா பர்மியர். இவர் எண்ணுவது பர்மியத்தில், திட்டுவது தமிழில். கொட்டகை வாசலிலேயே செருப்பை விடுகிறார். வாயிலிருக்கும் வெற்றிலையைத் துப்பிக் கொப்பளித்த பிறகுதான் எஞ்சின் மீது குனிகிறார். கைக்கடிகாரம் கட்டுவதில்லை. பேட்டரி முனையில் பட்டால் மணிக்கட்டோடு சுட்டுவிடும் என்பது அவர் காட்டும் காரணம். அந்தத் தழும்பும் அவரிடம் இருக்கிறது.

ஓடாத வண்டியில் பெட்ரோல் வற்றிப் பிசின்போல ஒட்டிக்கொள்கிறது. கார்புரேட்டரைக் கழற்றி, மின்கம்பியிலிருந்து உருவிய ஒற்றைச் செப்பு இழையால் அதன் துளைகளைக் குத்தி, வாயால் ஊதி, வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்க்கிறார். அமெரிக்காவிலிருந்து இங்கே எந்தச் சாமானும் வருவதில்லை. பிரேக்குக்குள் இருக்கும் ரப்பர், ஜப்பான் லாரியுடையது. தண்ணீர்க் குழாய் ஏதோ ஒரு பிக்கப்பிலிருந்து வெட்டியது. கசிவை அடைக்கும் கேஸ்கட் வேண்டுமென்றால் கார்க் தகட்டை எஞ்சின் முகத்தில் வைத்து, விளிம்பு நெடுகச் சிறு சுத்தியலால் தட்டிக்கொண்டே போகிறார். தட்டத் தட்டத் தகடு தானாக அந்த வடிவத்தில் அறுந்து விழுகிறது.

கடைசியாக நீண்ட திருப்புளியின் முனையை எஞ்சினில் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக்கொண்டு கண்ணை மூடுகிறார். அந்த நேரத்தில் யாரும் பேசக்கூடாது. "வால்வு பேசறது கேக்கணும். மத்ததும் கேக்கும். அது வேற" என்பார். மத்தது எது என்றால் திருப்புளியைத் துடைக்கத் தொடங்கிவிடுவார்.

இந்த ஊரின் ஒரு வழக்கத்தை இங்கே சொல்ல வேண்டும். யாங்கோனில் சாலையின் வலப்பக்கம் போகிறோம். ஆனால் தெருவில் ஓடுபவை பெரும்பாலும் ஜப்பானில் ஓடித் தேய்ந்து வந்த வண்டிகள். அவற்றின் ஸ்டியரிங்கும் வலப்பக்கம்தான். ஆகவே ஓட்டுநரைத் தேடும் யாங்கோன்காரரின் கண் வலப்பக்கம் போய்த்தான் பழகியிருக்கிறது. இந்த மஸ்டாங்கில் ஸ்டியரிங் இடப்பக்கம்.

சந்து முனையில் டீக்கடை வைத்திருக்கும் மதீனா பீவி, தனசேகரன் இறந்த பிறகு ஒருநாள் என்னிடம் சொன்னதை அப்படியே தருகிறேன்.

"விடியக்காலைல தகரக் கதவு அரைவாசி தூக்கியிருந்துச்சு. ஊ தனா வண்டி ஓட்ட உக்காந்திருந்தாரு. நெசமாத்தான் சொல்றேன். சட்டைப் பொத்தானு வரைக்கும் தெரிஞ்சுது."

பர்மியத்தில் மரியாதைக்குப் பெயருக்கு முன் போடும் 'ஊ'வையும் சேர்த்துத் தனசேகரனைச் சந்துக்காரர்கள் அப்படித்தான் அழைத்தார்கள்.

"எந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார்?" என்று கேட்டேன்.

"இது என்ன கேள்வி. வலப்பக்கந்தான்."

அந்த வண்டியில் வலப்பக்கம் ஸ்டியரிங்கே கிடையாது, அங்கே உட்கார்ந்து யாராலும் ஓட்ட முடியாது, பழகிய கண் பழகிய இடத்தில் ஆளைப் பார்த்திருக்கிறது என்று விளக்கினேன். அவர் டீயை உயரத் தூக்கி ஆற்றினார்.

"அப்ப ஓட்டாம சும்மா உக்காந்திருந்தாரு போல" என்றார். "கிராணிக்கு ஆவி வந்தாலும் சாட்சிக் கையெழுத்தோட வரணும்."

கடையிலிருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அடுத்த ஞாயிறு வேலப்பனிடம் வேடிக்கையாக இதைச் சொன்னேன். ஸ்பார்க் பிளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தவர் தலையைத் தூக்கவில்லை.

"அவரு என்னைக்கு ஓட்டினாரு, கிராணி ஐயா?"

எதிர்வீட்டிலேயே இருந்த எனக்கு அது நன்றாகத் தெரியும். தனசேகரனுக்கு வண்டி ஓட்ட வராது. வேலப்பன் ஓட்டுவார். முதலாளி வலப்பக்கம் உட்கார்ந்து முழங்கையை வெளியே நீட்டிக்கொண்டு வருவார். நல்ல உயரம். வண்டியோ தணிந்தது. முதல் நாளே ஏறும்போது கூரை விளிம்பில் தலையை இடித்துக்கொண்டார். அன்றிலிருந்து அவர் ஏறும்போதும் இறங்கும்போதும் வேலப்பன் சுற்றி ஓடிவந்து அந்த விளிம்பில் தன் உள்ளங்கையை வைப்பார். இடித்தாலும் கையில்தான் இடிக்கும். மதீனா பீவி சொன்னதைப் பொய்யாக்க நான் பயன்படுத்திய கணக்கே அதை மெய்யாக்கிக்கொண்டிருந்தது.

பிறகுதான் வேலப்பன் எனக்கு அந்தச் சாய்வைக் காட்டினார். பின்னால் நின்று பார்த்தால் வண்டி வலப்பக்கம் ஒரு விரற்கடை தாழ்ந்திருந்தது. என் இரும்பு அளவுகோலைக் கொண்டுவந்து இரு பக்கமும் வைத்துப் பார்த்தேன். உண்மைதான். தரை வாட்டமாக இருக்கும் என்றேன். வண்டியைத் திருப்பி, மூக்கு உள்சுவரைப் பார்க்க நிறுத்தினார். அப்போதும் வலப்பக்கமே தாழ்ந்திருந்தது. பட்டை ஸ்பிரிங் சோர்ந்திருக்கும் என்றேன்.

"இடப்பக்கம் இருந்ததை வலப்பக்கம் போட்டுட்டேன். வலப்பக்கம் இருந்ததை இடப்பக்கம் போட்டுட்டேன். சுருள் ஸ்பிரிங்கையும் அப்படித்தான்" என்றார். "முதலாளி நல்ல கனம்."

அன்று அவர் வேறொன்றும் சொன்னார். கோவிட் மூன்றாவது அலையின்போது, ஊரே ஆக்சிஜன் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு அலைந்த அந்த மழைக்கால மாதத்தில், மூச்சுத் திணறிய தனசேகரனை ஏற்றிக்கொண்டு அவர் போனார். எங்கேயும் இடமில்லை. கடைசியாக ஒரு வாசலில் வெள்ளை உடுப்புப் போட்ட தொண்டர்கள் ஓடிவந்து வலப்பக்கக் கதவைத் திறந்தார்கள். பார்த்ததுமே, உயிர் போய்விட்டது என்று ஒருவர் கையை விரித்தார்.

"என்னை இறங்கக்கூடாதுன்னுட்டாங்க. தொட்டா ஒட்டிக்கும்னாங்க. நான் ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். இழுத்தாங்க. மேல விளிம்புல தலை இடிச்ச சத்தம் கேட்டுச்சு, கிராணி ஐயா. என் கை அங்க இல்ல."

சுடுகாட்டுக்கும் யாரையும் விடவில்லை. காலி இருக்கையோடு வீடு திரும்பினார். "அவங்க எடுத்துட்டுப் போனாங்க. ஆனா நான் அவரை இறக்கிவிடல" என்றார். நான் பார்த்ததையும் அவர் சொன்னதையும் தனித்தனியாகத்தான் எழுதுகிறேன். இது அவர் சொன்னது.

இந்த ஆண்டு கொட்டகை இருக்கும் மனையில் அடுக்குமாடி கட்டப்போகிறார்கள். இடிக்க ஆள் வருவதற்குள் வண்டி போயாக வேண்டும். இல்லாவிட்டால் பழைய இரும்புக்காரர் வெட்டி எடுத்துப் போவார். பக்கத்துப் பேட்டையான மிங்கலா தாங்ஞுன்ட்டில் கல்யாணங்களுக்கு அலங்கார வண்டி விடும் ஜாபிர் ஒரு ஞாயிறு காலை பார்க்க வந்தார். சத்யபாமா வாசற்படியில் நின்றார். நானும் போனேன்.

வேலப்பன் தார்ப்பாயை உருவினார். அவர் தட்டுவதற்குள் ஜாபிர் வலப்பக்கக் கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்து, இரண்டு கையையும் முன்னால் நீட்டினார். கைகள் காற்றில் நின்றன.

"என்ன சயா, ஸ்டியரிங்கை அடகு வச்சிட்டீங்களா?"

மெக்கானிக்கையும் இங்கே வாத்தியாரைப் போலவே சயா என்கிறார்கள். வேலப்பன் சிரிக்கவில்லை. ஜாபிரின் சிரிப்பும் பாதியில் நின்றது. இறங்கினார். குனிந்து இருக்கையைத் தடவிப் பார்த்தார்.

"சூடா இருக்கே. யாரு உக்காந்திருந்தா?"

எஞ்சின் இன்னும் ஓடவில்லை. கொட்டகைக்குள் வெயில் வருவதில்லை. நானும் கை வைத்துப் பார்த்தேன். வலப்பக்க இருக்கை, இப்போதுதான் ஒருவர் எழுந்துபோன நாற்காலியைப் போலிருந்தது. இடப்பக்க இருக்கை சில்லென்றிருந்தது.

வேலப்பன் இடப்பக்கம் ஏறிச் சாவியைத் திருப்பினார். முதல் திருப்பிலேயே பிடித்துக்கொண்டது. கூரைத் தகரம் அதிர்ந்தது, எதிர் மரத்துக் காக்கைகள் மொத்தமாக எழுந்தன. ஜாபிர் எஞ்சினைக் குனிந்து பார்த்தார். பெட்ரோல் வரிசையில் நிற்கத் தனி ஆள் வைக்க வேண்டும் என்று அலுத்துக்கொண்டார். ஆனால் கண் வண்டியை விட்டு நகரவில்லை.

"ஆளுங்க என்னென்னமோ சொல்றாங்க, சயா. பொண்ணு மாப்பிள்ளை ஏறுற வண்டி. குறை இருந்தா மறைக்காம சொல்லிடுங்க."

சத்யபாமா வேலப்பனைப் பார்த்தார். ஒரு வார்த்தை சொன்னால் வண்டி இரும்புக்குப் போகும். சொல்லாவிட்டால், அந்த இருக்கையில் ஒரு மணப்பெண் உட்காருவாள்.

"ஒரே ஒரு குறை" என்றார் வேலப்பன். "வலப்பக்கம் கொஞ்சம் தாழும்."

"ஆள் உக்காந்தா எந்த வண்டியும் தாழும்."

"ஆள் இல்லாமலே தாழும்."

ஜாபிர் பின்னால் போய்க் குந்திப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். "அதைச் சரி பண்ணிக் குடுங்க. அடுத்த ஞாயிறு வரேன். நிமிந்து நின்னா எடுத்துக்கறேன். இல்லேன்னா வேணாம்."

அவர் போனபிறகு சத்யபாமா கேட்டார்: "முடியுமா வேலப்பா?"

"ஸ்பிரிங்ல குறை இல்லம்மா."

"எனக்குத் தெரியும்" என்றார். குரல் தாழ்ந்துவிட்டது. "வண்டி போகட்டும். அவரு முன்னப்பின்ன தெரியாதவங்க வீட்டு வாசல்ல போய் நிக்கக் கூடாது."

"அவரையும் சேத்து விக்க முடியாதும்மா" என்றார் வேலப்பன்.

அந்த வாரம் தினமும் வந்தும் வேலப்பன் ஸ்பிரிங்கைத் தொடவில்லை. ஜாக்கியைக்கூட எடுக்கவில்லை. கழுவினார், துடைத்தார். வலப்பக்கக் கதவின் கீலுக்கு எண்ணெய் போட்டார், திறந்து மூடிப் பார்த்தார், மறுபடியும் எண்ணெய் போட்டார்.

ஞாயிறு, ஜாபிர் வருவதற்கு முன்பே வந்துவிட்டார். கண்ணாடியில் தட்டினார். காத்திருந்தார். வண்டியை வெளியே எடுத்துச் சந்தைக் கடந்து பெரிய சாலைக்குப் போனார். எங்கே போனார் என்று நான் கேட்கவில்லை. மழை தூறிக்கொண்டிருந்தது. திரும்பி வந்தபோது கொட்டகைக்குள் விடாமல், சத்யபாமா வீட்டு வாசற்படிக்கு நேராக, வலப்பக்கம் படியைப் பார்க்க நிறுத்தினார். எஞ்சினை அணைத்தார். ஜாபிர் வருமுன் அளந்துவிடலாம் என்று நான் அளவுகோலோடு படியருகே நின்றிருந்தேன். சத்யபாமா வாசற்கதவின் இரண்டு பாதியையும் திறந்து வைத்திருந்தார்.

வேலப்பன் இறங்கினார். வண்டியின் மூக்கைச் சுற்றி, அந்த வயதிலும் ஓட்டமாக வந்தார். வலப்பக்கக் கதவைத் திறந்தார். இடக்கையின் உள்ளங்கையைக் கூரை விளிம்பில் வைத்தார். வலக்கையை நீட்டி, ஒரு முழங்கையைத் தாங்குவதுபோல மடக்கிப் பிடித்தார். உள்ளே யாரும் இல்லை. நான் நன்றாகப் பார்த்தேன்.

மூட்டுவலிக்காரர் ஒருவர் எழுந்திருக்க ஆகும் நேரம் அப்படியே நின்றார். வண்டிக்கு அடியில் ஸ்பிரிங் முனகியது. அவருடைய வலக்கை, கனம் ஏறியதுபோல் சற்றே கீழே இறங்கி, பின் நிலைகொண்டது.

என்னைப் பார்த்தார்.

"கிராணி ஐயா, கொஞ்சம் வழி விடுங்க."

படியைவிட்டு ஒதுங்கினேன். விளிம்பில் வைத்த உள்ளங்கையை அவர் அப்போதும் எடுக்கவில்லை. எனக்கும் வாசற்கதவுக்கும் இடையே சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பிறகுதான் எடுத்தார்.