நகராத அணுக்கள்

நான் பொய் எழுதினேன். “அமீபா காணப்பட்டது” என்று என் கையால் எழுதிய ஒரு வரி, முத்துலட்சுமி என்ற கொழுந்து பறிக்கும் பெண்ணைக் கொன்றது. இத்தனை காலமும் யாரிடமும் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன்.

எழுபதுகளின் நடுவில், தேவிகுளத்துக்கு அருகே ஒரு தேயிலைத் தோட்ட ஆஸ்பத்திரியில் நான் லேப் டெக்னீசியன். கிழக்குப் பாலக்காட்டிலிருந்து மலையேறி வந்தவள் நான். முத்துலட்சுமிக்கு மூன்று வாரமாக ரத்தமும் சளியுமாகப் போய்க்கொண்டிருந்தது. டாக்டர் என்னை அழைத்தார்.

“அமீபா உண்டா இல்லையா, நல்லாப் பார்த்துச் சொல்லணும். இல்லேன்னா இது குடல் அழற்சி. அதுக்கு மருந்து வேற.”

மைக்ராஸ்கோப்பில் என்ன கண்டேன்? கூட்டம் கூட்டமாகச் சீழணுக்கள். நடுவே, சிவப்பணுக்களை விழுங்கிய பெரிய உருண்டைகள் சில. அமீபாவும் அப்படித்தான் விழுங்கும். புண்பட்ட குடலைக் காக்க ஓடிவரும் நம் உடலின் பெரிய வெள்ளணுவும் அப்படித்தான் விழுங்கும். அமீபா என்றால் ஊர்ந்து நகரும்.

இவை நகரவில்லை... ஆனால் அது காலையில் எடுத்த மலம். ஆறிப்போனால் அமீபாவும் நகராது. சூடாக இன்னொரு முறை வாங்கிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அவள் படுத்திருந்த வார்டு அடுத்த அறைதான்!

ஏன் கேட்கவில்லை? முந்தின வாரம் வேறொருவருக்கு அமீபாவைத் தவறவிட்டு, நர்சுகள் முன்னால் டாக்டரிடம் ஏச்சு வாங்கியிருந்தேன். ‘இருக்கிறது’ என்று எழுதினால் யாரும் ஏசமாட்டார்கள். அதற்காகத்தான் எழுதினேன்.

பத்து நாள் அமீபா மருந்து கொடுத்தார்கள். வயிறு உப்பியது. மலையிறக்கிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஜீப்பில் கொண்டுபோனார்கள். ஆபரேஷன் செய்து பார்த்தபோது குடல் சுவர் அரித்துக் கிழிந்திருந்தது. மறுநாள் இறந்துபோனாள். வெட்டியெடுத்த குடலில் அமீபாவே இல்லை, கடும் அழற்சிதான் என்று அங்கிருந்து கடிதம் வந்தது.

டாக்டர் அதைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தார். “நம்ம மருந்துல அமீபா செத்திருக்கும், இல்லையா?”

நான் தலையாட்டினேன்.

அடுத்த வாரம், வார்டில் கிடந்த அவள் சேலையையும் தட்டையும் வாங்கிப்போக அவள் கணவர் செல்லையா வந்தார். லேப் வாசலில் நின்றார்.

“தண்ணில இருந்துதான் இந்தச் சீக்கு வரும்னு சொன்னாகம்மா. வெறகு நனஞ்சிருந்துச்சு. ஒரு நாளைக்குச் சுட வைக்காமக் குடிச்சா என்னன்னு நாந்தான் சொன்னேன். நாந்தாம்மா கொன்னுட்டேன்.”

இல்லை, தண்ணீர் காரணமில்லை, அமீபாவே இல்லை... சொல்லியிருக்கலாமே! நாக்கு வரை வந்தது. சொன்னால் என் வேலை?

“அழுகாதீங்கண்ணா” என்றேன். அவ்வளவுதான்.

இன்னும் ஆறு ஆண்டுகள் அங்கேயே வேலை பார்த்தேன். பிள்ளைகளுக்கு மருந்து வாங்க வரும்போதெல்லாம் செல்லையா எனக்கு வணக்கம் வைப்பார். நானும் வைப்பேன்.