முள் போட்டு மூடிய கிணறு

சுதந்திரம் வந்து நாலைந்து வருடம் ஆகியிருக்கும். மீமிசலில் நான் கருவாட்டு மூட்டை தூக்கிக்கொண்டிருந்த வேலை நின்றுபோனது. திருச்சியில் ஏதாவது கிடைக்கும் என்று நடந்தே கிளம்பினேன். ஒரு பழைய செம்பு, அதன் கழுத்தில் கட்டிய நீளக் கயிறு. வழியில் கிணறு கண்டால் இறைத்துக் குடிக்கலாம். சொத்து அவ்வளவுதான்.

ஆவூர்ப் பக்கம் ஒரு கிளைப்பாதையில் இறங்கினேன். உச்சிவெயில். வழியில் பார்த்த கண்மாய் எல்லாம் காய்ந்து கிடந்ததால் நாக்கு ஒட்டிப்போயிருந்தது. ஓர் ஊர் வந்தது. கதவுகளில் எல்லாம் சுண்ணாம்பால் சிலுவை போட்டிருந்தார்கள். ஆள் இல்லை, நாய்கூட இல்லை. ஒரு வாசலில் அம்மிமேல் பாதி அரைத்த மிளகாய் அப்படியே காய்ந்து கறுத்திருந்தது.

மாதா கோயிலை ஒட்டி ஒரு கிணறு. முள் போட்டு மூடியிருந்தார்கள். ஆடு மாடு விழாமலிருக்க என்று நினைத்து, முள்ளை இழுத்துப் போட்டுவிட்டுச் செம்பை இறக்கினேன். கண்ணாடி மாதிரித் தெளிந்த தண்ணீர். செம்பு பாதி ஏறியிருக்கும், யாரோ கயிற்றை வெடுக்கென்று பிடுங்கிக் கிணற்றுக்குள் விட்டார்கள். திரும்பினேன். வெள்ளைச் சேலையில் ஒரு பெண் நின்றாள். என் கண் தானாக அவள் காலுக்குப் போனது.

"காலைப் பாக்குறீங்களா? தரையிலதான் இருக்கு" என்றாள். சிரிக்கவில்லை.

பயம் போய் ஆத்திரம் வந்தது. தாகத்தில் சாகிறவன் செம்பைப் பறிக்கிறாயே, நீயெல்லாம் கோயிலுக்குப் போகிறவளா என்று கேட்டுவிட்டேன்.

"வாந்திபேதிங்க. ஊர்ச்சனம் பூராம் அங்கிட்டு புளியந்தோப்புல கெடக்கு. எங்க வீட்டுக்காரரு தண்ணி தண்ணின்னு கேட்டாரு. தெரியாம இந்தக் கெணத்துலதான் எறைச்சுக் குடுத்தேன், இந்தக் கையால." கிணற்றைக் காட்டினாள். "வழிப்போக்கா வாரவங்களுக்கும் தெரியாதுல்ல. அதான் ஒக்காந்திருக்கேன்."

கயிறு தொட்ட கையைச் சாம்பல் போட்டுத் தேய்க்கச் சொன்னாள். கோயில் வாசலில் மூன்று கல் அடுப்பின்மேல், தூரத்து வயல் கிணற்றிலிருந்து சுமந்துவந்து காய்ச்சி ஆறவைத்த தண்ணீர் இருந்தது. நான் குனிந்து கையைக் குவித்தேன். கொட்டாங்குச்சி என் விரலில் படாமல் உயரத்திலிருந்து ஊற்றினாள். புகை வாசனை அடித்த அந்தத் தண்ணீரை வயிறு நிறையக் குடித்தேன்.

செம்பு போச்சே என்று முனகினேன்.

"ஊரு திரும்புனதும் தூர் வாருவாங்க. எடுத்து வைக்கிறேன், வந்து வாங்கிக்கிருங்க."

சற்றுத் தூரம் போய்த் திரும்பிப் பார்த்தேன். முள்ளை மறுபடி போட்டு மூடிவிட்டு, வெட்ட வெயிலில் உட்கார்ந்திருந்தாள். உதடுகள் மட்டும் அசைந்தன. கையில் செபமாலை.

நான் மிஷன் பள்ளியில் இரண்டாம் வகுப்போடு நின்றவன். பாறை பிளந்து தண்ணீர் வந்ததையும், உச்சிவேளையில் கிணற்றடியில் சேசுநாதர் ஒரு பெண்ணிடம் தண்ணீர் கேட்டதையும் உபதேசியார் அங்கே சொல்லியிருக்கிறார். வேதத்தில் தண்ணீர் வருகிற இடமெல்லாம் ஆண்டவருடைய ஆசீர்வாதம் என்பார். அந்தச் செம்பை வாங்க நான் போகவே இல்லை. ஆனால் எந்த ஊரில் தண்ணீர் குடித்தாலும், எனக்கான ஆசீர்வாதம், அந்தப் பெண் என்னைக் குடிக்க விடாத அந்தச் செம்புத் தண்ணீரோடு கிணற்றுக்குள் கிடப்பதாகவே இன்றும் தோன்றுகிறது.