பூங்காக் குளத்துக்குள் ஒரு தறப்பாள்

நாலைந்து வேலைகளை விட்டுவிட்டு வந்த எனக்கு வன்னியில் ஏ9 வீதியோரப் பூங்கா ஒன்றில் காவலாளி வேலை கிடைத்தது. கூடவே, கூரை ஒழுகாத ஓர் அறையும். ஒழுகுவதற்கு அந்த வருடம் மழையும் இல்லை. பூங்காவின் நடுவிலிருந்த குளம் முழங்காலுக்கு இறங்கி, பிறகு கணுக்காலுக்கு வந்தது. பூங்காவுக்குப் பொறுப்பான அதிகாரி என்னைக் கூப்பிட்டார்.

"மழை வருமட்டும் மீன் சாகக்கூடாது. செத்து நாறினால் உமக்கு இங்க வேலையில்லை."

பவுசர் வண்டியில் வரும் தண்ணீர் சனத்துக்கே போதவில்லை. கடைசியில் அதிகாரிதான் வழி சொன்னார். எங்கள் பக்கத்தில் குளம் வற்றினால் நடுவில் கிடங்கு வெட்டித் தண்ணீர் எடுப்போம். அதைப் பூவல் என்போம்.

"பூவல் வெட்டினால் மீனெல்லாம் அதுக்குள்ள இறங்கிவிடும்," என்று காற்சட்டையை மடித்துவிட்டு முதல் வெட்டையும் அவரே வெட்டினார். வாசலில் தேத்தண்ணிக் கடை வைத்திருந்த அக்கா வேடிக்கை பார்க்க வந்து, சேறு அள்ளத் தொடங்கிவிட்டார்.

இடுப்பளவு ஆழத்தில் கறுப்பாக ஏதோ தெரிந்தது.

"தறப்பாள்!" என்றார் அக்கா.

எங்களுக்கு அதில் வியப்பில்லை. வன்னியில் எங்கே வெட்டினாலும் பழைய தறப்பாள் வரும். போர்க்காலத்தில் இடம்பெயர்ந்து, எல்லோரும் அதைக் கூரையாகக் கட்டி அதன் கீழே குடியிருந்தவர்கள்தானே.

"நல்ல தடிப்பு. என்ர கடைக் கூரைக்குக் காணும். இழுங்கோ தம்பி!"

மூவருமாக இழுத்தோம். பெரிய சத்தத்தோடு கிழிந்து வந்தது. எஞ்சியிருந்த தண்ணீர் எங்கள் காலடியில் ஒரு சுழி சுழித்துவிட்டு மண்ணுக்குள் போய்விட்டது. தண்ணீர் கீழே இறங்காமலிருக்கக் குளம் கட்டியவர்கள் விரித்த பொலித்தீன் அது.

"ஐயோ, குளத்தின்ர உடுப்பையெல்லோ உரிஞ்சு போட்டம்!" என்று கத்தினார் அக்கா.

மீன்கள் சேற்றில் துள்ளின. அதிகாரி என்னைப் பார்த்தார்.

"அவரை ஏன் பாக்கிறியள் ஐயா? முதல் வெட்டு ஆற்ற? உங்கட தானே?" என்றார் அக்கா.

அதிகாரி குனிந்து கிழிந்த துண்டின் ஒரு முனையைப் பிடித்தார். மூவருமாக அதைக் கிடங்குக்குள் விரித்தோம். அக்கா ஓரங்களை மடிக்க, அதிகாரி கல் வைத்தார். அவர் கல் வைத்த வேகத்திலேயே, அவரும் முகாமில் இப்படித் தண்ணீர் சேர்த்தவர் என்று விளங்கியது. எந்த முகாம் என்று நான் கேட்கவில்லை. கடைப் பீப்பாவிலிருந்த தண்ணீர் முழுவதையும் ஊற்றி, மீன்களை வாளியால் அள்ளிவிட்டோம். அன்று ஒருவருக்கும் தேத்தண்ணி இல்லை. மீன்கள் பிழைத்தன, என் வேலையும் பிழைத்தது.

விடிந்ததும் கொக்குகள் வந்துவிட்டன. இவ்வளவு மீனை ஒரே கிடங்கில் வைத்தது அவற்றுக்குப் பந்தி போட்டது போலாயிற்று.

"மழை வருமட்டும் நீர் இதை விட்டு எழும்பக்கூடாது," என்றார் அதிகாரி. அக்கா ஒரு பிளாஸ்டிக் கதிரையைக் கொண்டுவந்து வைத்தார்.

ஓர் ஊரில் ஒரு மாதம் நிலைக்காத நான், வறண்ட குளத்தின் நடுவே குடை பிடித்தபடி பகல் முழுக்க உட்கார்ந்திருந்தேன். பூங்காவுக்கு வந்த ஒரு பெண் மீனுக்கென்று பாண் கொண்டுவந்தார். பாதியைக் கிடங்குக்குள் பிய்த்துப் போட்டார். என்னையும் சற்றுப் பார்த்துவிட்டு மீதியை நீட்டினார். கதிரையை விட்டு எழும்பாமலே வாங்கித் தின்றேன்.