தோள் மறைத்த பாறை

அவள் இமயமலைக்குப் போவாள். நான் அவள் கொண்டு வரும் கல்லை உடைப்பேன். பெரம்பலூர்க்காரியான அவளும் அரியலூர்க்காரியான நானும் ஒரே பேராசிரியரிடம் நிலவியல் ஆராய்ச்சி செய்தோம். எங்களுக்குள் வேலை பிரிந்தது இப்படித்தான். எனக்கு வயிறு எரியும். எங்கள் ஊரில் காலால் கிளறினாலே பழைய கடலின் சிப்பி கிடைக்கும், அதில் குறையொன்றும் இல்லை. ஆனாலும் இந்தியா போய் ஆசியாவை முட்டிய இடத்தை நான் படத்தில்தான் பார்த்திருந்தேன்.

முட்டியதில் அடியில் பாறை உருகியது. பெரும் பிளவுகள் நெடுக மலையே உரசி நழுவியது. இதில் எது முதலில் என்பதுதான் எங்கள் கேள்வி. உருகி உறைந்த கல்லில் ஜிர்கான் என்ற பொடி மணிகள் இருக்கும். கல்லின் வயதை அவற்றிலிருந்துதான் எடுக்க வேண்டும். இடித்து, சலித்து, மைக்ராஸ்கோப்பில் கண் வைத்து அவற்றை ஊசியால் பொறுக்குவது நான். பனிமலை முன் சிரித்து போட்டோ அனுப்புவது அவள். பல்லைக் கடித்துக்கொண்டு லைக் போடுவேன்.

போன வருடம் மணிகளின் வயது தெரிந்தது. உருகியது நழுவலுக்கு முன்னா பின்னா என்று சொல்ல, உருகிய கல் பாறைக்குள் புகுந்து உறைந்த வெள்ளை நரம்பைப் பிளவு அறுத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அறுத்திருந்தால் உருகியதுதான் முதலில். அவளுடைய போட்டோக்களைப் புரட்டினேன். அளவு தெரிவதற்காக எல்லோரும் பாறைமேல் சுத்தியலை வைப்பார்கள். இவள் தன்னையே வைத்திருந்தாள். நரம்பும் பிளவும் சந்திக்கும் இடம் சரியாக அவள் தோளுக்குப் பின்னால். எனக்கு வந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமில்லை.

போட்டோவைக் காட்டியதும் அவள் முகம் சுண்டிப்போனது. "திரும்பப் போய்த்தான் ஆகணும்," என்றாள்.

"இந்தத் தடவ நானும் வரேன்டி. இல்லன்னா மணி பொறுக்க வேற ஆளப் பாத்துக்க."

சண்டைக்கு வருவாள் என்று தயாராக நின்றேன். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"உன் கை மாதிரி யாருக்கும் வராதுன்னு சார் எப்பப் பாத்தாலும் சொல்றாரு. எனக்கு இருக்கிறது அந்த மலை ஒண்ணுதான். அங்கயும் நீ வந்துட்டா எனக்குன்னு என்னடி இருக்கு?"

இத்தனை நாளும் எனக்கு மட்டும்தான் வயிறு எரிகிறது என்று நினைத்திருந்தேன். அதற்காக, நீயே போ என்று விட்டுக்கொடுக்கவும் மனசு வரவில்லை.

இரண்டு பேருக்கும் சேர்த்து அவள்தான் டிக்கெட் போட்டாள். ஜன்னல் சீட்டைத் தனக்கு எடுத்துக்கொண்டாள்.