தொப்பிக்கு வழக்கமில்லை

பென்னாகரம் டீக்கடை பெஞ்சில் ஒகேனக்கல் பஸ்ஸுக்காகக் காத்திருக்கிறேன். பக்கத்தில் தலையில் உருமால் கட்டிய பண்ணைக்காரர் ஒருவர். அவரைக் கண்டதும், தெருவில் போகும் கூலியாட்கள் தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கிக்கொள்கிறார்கள். ஒரு முழத் துணிக்குள் எத்தனை பணிவு!

எதிர்வெயிலில் வெள்ளைக்காரர் காலத்துத் தொப்பி ஒன்று வருகிறது. அதற்கடியில் முகமெல்லாம் நிழல். பண்ணைக்காரர் சட்டென எழுந்து கும்பிடுகிறார்.

"ரேஞ்சர் ஐயாங்களா? வாங்க, உக்காருங்க!"

தொப்பி கிட்டே வருகிறது.

"அட, உங்க காட்டுல கடலை புடுங்கற முனியனுங்க," என்கிறார் டீ மாஸ்டர்.

"எறக்குடா அத!" என்கிறார் பண்ணைக்காரர்.

முனியனின் கை தொப்பி விளிம்புவரை போய் நிற்கிறது.

"துண்டத்தானுங்க எறக்கறது வழக்கம். தொப்பிக்கு நம்மூர்ல வழக்கமே இல்லீங்களே. சந்தையில இப்பத்தான் வாங்கினேன்."

யாரோ சிரிப்பை இருமலாக்குகிறார்கள்.

"நாளைக்குக் காட்டுப்பக்கம் வந்துராத," என்கிறார் பண்ணைக்காரர்.

"சரிங்க. இப்ப நீங்கதானுங்க உக்காரச் சொன்னீங்க."

முனியன் பெஞ்சின் நுனியில் உட்கார்ந்து டீ கேட்கிறார். என் பஸ் வர, ஏறிக்கொள்கிறேன். பஸ் நகர்கிறது. ஜன்னல் வழியே பார்க்கிறேன். பண்ணைக்காரர் இன்னும் நிற்கிறார். முனியன் டீயை ஊதி ஊதிக் குடிக்கிறார்; தொப்பி அசையவில்லை.